பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை: ஔவை சண்முகத்தின் நாடக வாழ்க்கை

1918-ஆம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்து நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த சிறுவர்களில் ஒருவர், அப்போது ஆறு வயது நிரம்பிய டி. கே. சண்முகம். ‘சத்தியவான் சாவித்திரி’யில் நாரதர் வேடம் அவருக்குக் கிடைத்தது. அன்று மேடையேறிய பிள்ளை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையைவிட்டு இறங்கவில்லை. பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த சிறுவர் நாடக சபைகள் செழித்து, தளர்ந்து, மறைந்த காலம் முழுவதும் அவருடைய வாழ்நாளுக்குள் அடங்கியது. சம்பளத்துக்கு நடித்த சிறுவனாகவும், சபையின் உரிமையாளராகவும், கடைசியில் அந்த உலகத்தை எழுதி வைத்தவராகவும் இருந்தவர் அவர். ஆகவே அவர் கதையைச் சொல்வது ஒரு தொழிலின் கதையைச் சொல்வதும் ஆகும்.

சண்முகம் 1912 ஏப்ரல் 26 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் பெயர் பெற்ற நடிகர். நாடக வழக்கில் சொன்னால் ஸ்த்ரீபார்ட் காரர். மூத்தவர் சங்கரன், அடுத்தவர் முத்துசாமி, மூன்றாமவர் சண்முகம், கடைக்குட்டி பகவதி. இந்த நால்வரும்தான் பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடெங்கும் அறியப்பட்டவர்கள். நடிகன் வீட்டுப் பிள்ளைகள் நடிகர்களானது அக்காலத்தில் வியப்பான செய்தி அல்ல. நாடகத்தில் வரும் சொற்ப வருமானத்தில் பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது. பிள்ளைகளும் கம்பெனியில் சேர்ந்தால் அவர்களுக்குச் சோறும் துணியும் அங்கேயே கிடைத்துவிடும், மாதச் சம்பளம் வீட்டுக்கு வரும். பெரும்பாலான சிறுவர்கள் கம்பெனிக்கு வந்தது இந்தக் கணக்கில்தான். கலை ஆர்வத்தால் வந்தவர்கள் சிலர். பசியால் வந்தவர்கள் பலர்.

சிறுவர்களை மட்டும் கொண்டு நாடகக் குழு அமைக்கும் எண்ணம் ஏன் எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய மேடையைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. திரைச்சீலைகள், ஹார்மோனியம், கட்டணச் சீட்டு எல்லாம் பார்சி கம்பெனிகளைப் பார்த்துக் கற்றவை. ஆனால் நடிகர்கள் ஒரு கட்டுக்குள் இல்லை. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில், பேர் பெற்ற ராஜபார்ட் (நாயக நடிகர்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்த்ரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த வள்ளி திருமணமோ பவளக்கொடியோதான். மேடையில் ஒருவரையொருவர் மடக்க வாக்குவாதம் செய்வார்கள். பாட்டுக்குப் பாட்டு போட்டி நடக்கும். நாடகம் எங்கோ போய்விடும். குடித்துவிட்டு மேடையேறுவதும், வாக்களித்துவிட்டு வராமல் போவதும் உண்டு. எழுதிய வசனத்தை எழுதியபடி பேச வைக்க எந்த ஆசிரியராலும் முடியவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் இந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர். 1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தமிழை முறையாகக் கற்றவர். இளமையில் தாமே நடிகர். எமன், சனீஸ்வரன் போன்ற கொடிய வேடங்களில் அவர் மேடையில் தோன்றினால் கூட்டம் நடுங்கும் என்றும், அப்படி ஒரு காட்சியின் அதிர்ச்சியில் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு நேர்ந்த துயரத்துக்குப் பிறகு அவர் நடிப்பைக் கைவிட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நடிப்பை விட்டவர் எழுதவும் கற்பிக்கவும் தொடங்கினார். பெரியவர்களைத் திருத்துவது வீண் வேலை, இளம் பிள்ளைகளை எடுத்து வளர்த்தால்தான் நாடகம் உருப்படும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சிறுவன் சொன்னதைச் சொன்னபடி செய்வான். நினைவாற்றல் கூர்மையாக இருக்கும். வசனத்தை மாற்றத் துணியமாட்டான். பெண்கள் கம்பெனிகளில் சேருவது அரிதாக இருந்த நாளில் பெண் வேடத்துக்கும் சிறுவனே பொருத்தம். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்து நடத்திய கம்பெனி புகழ் பெற்றிருந்தாலும், அது விதிவிலக்கு.

குரலும் ஒரு காரணம். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட் வரை பாட்டு எட்ட வேண்டும். நாலு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் அநாயாசமாகப் பாட, குரல் உடையாத சிறுவனால்தான் முடியும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா இளம் வயதிலேயே மேடையேறி, அந்த உயர்ந்த சுருதியில்தான் தென்னாட்டையும் இலங்கையையும் கட்டிப்போட்டார். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும், பத்து வயதில் ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசனாகத் திருச்சியில் தோன்றிய எம். கே. தியாகராஜ பாகவதரும் இந்தக் குரல் வளத்தால்தான் குழந்தைப் பருவத்திலேயே கண்டெடுக்கப்பட்டார்கள்.

தத்துவ மீனலோசனி சபையின் ஒரு நாள் விடியற்காலையில் தொடங்கும். கம்பெனி வீடு என்று வாடகைக்குப் பிடித்த பெரிய வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்கள். நாடகம் இல்லாத நாளில் அதிகாலையிலேயே எழுப்பிச் சங்கீதப் பாடம். பிறகு வசனப் பாடம். நாடகப் பிரதியை முழுதாக யார் கையிலும் கொடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு பையனும் தன் பாகத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு உருப்போட வேண்டும். அடுத்தவன் பேச்சின் கடைசிச் சொல்லே தன் பேச்சுக்கு அடையாளம். வாத்தியார் கையில் பிரம்பு இருக்கும். உச்சரிப்பில் ழகரமும் றகரமும் பிசகினால் அடி விழும். இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் நாடகம் நள்ளிரவைத் தாண்டிப் பின்னிரவு வரை போகும். அரிதாரத்தைக் கலைத்துவிட்டுப் படுக்கும்போது கோழி கூவும் நேரமாகிவிடும். ஓர் ஊரில் வசூல் குறையத் தொடங்கியதும் திரைகள், உடைப்பெட்டிகள், சமையல் பாத்திரங்கள், பிள்ளைகள் எல்லாம் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் என்பது இவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் படிப்பே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. சுவாமிகளின் நாடகங்களில் வெண்பாவும் விருத்தமும் சந்தப்பாட்டும் நிறைந்திருந்தன; திருக்குறளும் நாலடியாரும் பேச்சுக்குள் வந்து விழும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய எட்டு வயதுப் பையன் பிழையில்லாமல் வெண்பா சொல்வான். மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சீரை அழுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பிற்காலத்துத் தமிழ்ப் படங்களில் வசனத்தைக் கணீரென்று பேசி மக்களைக் கவர்ந்தவர்களின் பேச்சுப் பயிற்சி இங்கே தொடங்கியது. இலக்கணம் தெரியாமலேயே இலக்கணத்தின் ஓசை பழகிய தலைமுறை அது. தமிழ் மொழிக்கு இந்த வாத்தியார்கள் செய்த தொண்டு கல்விக்கூடங்களின் வரலாற்றில் இடம்பெறாமல் போனது பெரும் குறை.

சுவாமிகளின் எழுத்து வேகத்துக்கு ‘அபிமன்யு சுந்தரி’ சாட்சி. சண்முகத்துக்கு ஏற்ற நாயக வேடம் ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். ஓர் இரவு எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். விடிவதற்குள் பாட்டும் வசனமுமாக முழு நாடகமும் முடிந்திருந்தது. நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய அந்த நாடகத்தில் அடித்தல் திருத்தல் இல்லை என்று, அந்தப் பிரதியை அருகிலிருந்து பார்த்த சண்முகம் பிற்காலத்தில் எழுதினார். அபிமன்யு வேடம் அவருக்கே கிடைத்தது. ஒரு சிறுவனின் குரலையும் உயரத்தையும் மனத்தில் வைத்து ஒரு பெரும் புலவர் இரவு முழுவதும் எழுதினார் என்பது அந்தச் சிறுவனின் மனத்தில் என்ன விதைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தம் வாழ்நாள் முழுவதும் சண்முகம் சுவாமிகளைப் பற்றிப் பேசாத மேடை இல்லை.

அந்தத் துணை நீடிக்கவில்லை. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சும் தடைப்பட்டது. அந்த நிலையிலும் அவர் கம்பெனியோடே ஊர் ஊராகச் சென்றார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர், கம்பெனிப் பிள்ளைகளே அவருக்குப் பிள்ளைகள். சண்முகத்துக்கு அப்போது வயது பத்து.

சிறுவர் நடிகனின் வாழ்வில் எல்லோரும் அஞ்சிய கட்டம் ஒன்று உண்டு. நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பருவம். நேற்றுவரை மேல் ஸ்தாயியில் சஞ்சரித்த குரல் ஒரு நாள் மேடையிலேயே பிசிறும்; ஹார்மோனியக்காரர் கட்டையைக் குறைத்துப் பிடித்துச் சமாளிப்பார்; அடுத்த வாரம் அதுவும் எடுபடாது. கூட்டம் சிரிக்கும். நாயகனாக நடித்தவன் சேவகன் வேடத்துக்கு இறங்குவான், இல்லாவிட்டால் திரை இழுக்கவும் ஒப்பனை செய்யவும் போவான். பலரைக் கம்பெனியே வீட்டுக்கு அனுப்பிவிடும். ஏழெட்டு ஆண்டுகள் வேறு எந்தத் தொழிலும் கற்காத, பள்ளிக்கும் போகாத பையன் பதினைந்து வயதில் ஊருக்குத் திரும்பி என்ன செய்வான்? மேடையில் அரசனாகவும் முனிவனாகவும் கைத்தட்டல் வாங்கிய நூற்றுக்கணக்கானோர் பெயர் தெரியாமல் போன இடம் இது. நட்சத்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள். அந்தக் கம்பெனிகள் பேரும் பணமும் சம்பாதித்தது அந்தப் பிள்ளைகளின் குரலை வைத்துத்தான்.

சண்முகம் இந்தக் கண்டத்தைத் தாண்டியதற்கு அவருடைய திறமை மட்டும் காரணமல்ல. 1925-இல் திருவனந்தபுரத்தில் சகோதரர்கள் தங்கள் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பெயர் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. பதின்மூன்று வயது நாயக நடிகரின் பெயரே சபைக்குள் அமர்ந்திருந்தது. குரல் உடைந்தாலும் வெளியே அனுப்ப ஆள் இல்லை. அண்ணன்மார்களின் நிழல் இருந்தது. சங்கரன் நிர்வாகத்தைப் பார்த்தார். முத்துசாமி பெண் வேடங்களில் தேர்ந்தவர், எழுத்தும் கைவந்தவர். சண்முகமும் பகவதியும் நடிப்பைச் சுமந்தார்கள். முதலாளியே நடிகனாகவும், நடிகனே பழைய கம்பெனிப் பிள்ளையாகவும் இருந்ததால் இந்தச் சபையின் நடைமுறை மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. கண்டிப்பு இங்கும் இருந்தது. என்றாலும் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடும் குடும்பம் என்ற உணர்வைப் பின்னாளில் இங்கிருந்து வெளியேறியவர்கள் பலரும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

சகோதரர்களின் மேடை மாறுவதற்கு இன்னொரு ஆசிரியர் காரணம்: எம். கந்தசாமி முதலியார். நடிகர் எம். கே. ராதாவின் தந்தை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் பொழுதுபோக்காக நடித்த சபை. அங்கே பாட்டைக் குறைத்து உரைநடையில் பேசும் நாடகங்கள் வந்துவிட்டன. அவற்றைத் தொழில்முறைச் சிறுவர் மேடைக்குக் கொண்டுவந்தவர் கந்தசாமி முதலியார். சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வைச் சண்முகத்துக்குக் கற்றுக்கொடுத்தார், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களை நாடகமாக்கினார். சுவாமிகளிடம் தமிழும் பாட்டும் கற்ற பிள்ளைகள் முதலியாரிடம் முகபாவமும் நடையும் பேச்சின் ஏற்ற இறக்கமும் கற்றார்கள். புராண அரசர்களை மட்டும் பார்த்துப் பழகிய மக்களுக்கு, கோட்டும் தலைப்பாகையும் அணிந்து தங்களைப் போலப் பேசும் மனிதர்கள் மேடையில் தோன்றியது புதுமையாக இருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவலும் இவ்வாறே மேடையேறி, 1935-இல் படமாகவும் வந்தது. ராஜா சாண்டோ இயக்கிய அந்தப் படத்தில் சகோதரர்களோடு என். எஸ். கிருஷ்ணனும் நடித்தார்.

நாகர்கோயில்காரரான கிருஷ்ணன் சகோதரர்களின் சபையில் அதன் தொடக்க காலத்திலேயே வந்து சேர்ந்தவர். 1931-இல் சபை ‘தேசபக்தி’ நாடகத்தை நடத்தியபோது, அதில் காந்தியின் வரலாற்றை வில்லுப்பாட்டாக அவர் பாடினார். இந்த நாடகம் வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘பாணபுரத்து வீரன்’. அந்நிய ஆட்சியிலிருந்து விடுபடும் நாடு ஒன்றின் கதை என்பதால் ஆங்கில அரசு அதைத் தடை செய்திருந்தது. பெயரை மாற்றி, பாரதியின் பாடல்களைச் சேர்த்துச் சகோதரர்கள் மேடையேற்றினார்கள். உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு தணியாத நேரம். போலீஸ் அனுமதியை நம்பிப் பிழைப்பு நடத்தும் ஒரு கம்பெனிக்கு இது சிறிய துணிவல்ல. உரிமம் ரத்தானால் ஐம்பது அறுபது பேருக்கு மறுநாள் உலை கொதிக்காது.

மற்ற கம்பெனிகளிலும் இதே காலத்தில் வருங்கால நட்சத்திரங்கள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டியில் பிறந்து, தந்தையை இழந்து, வறுமையோடு கும்பகோணத்துக்கு வந்த எம். ஜி. ராமச்சந்திரன் தம் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். பி. யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் ஆகியோரும் அங்கே இருந்தவர்கள். ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் எம். ஆர். ராதாவும் நவாப் ராஜமாணிக்கமும் வளர்ந்தார்கள். ராஜமாணிக்கம் பின்னர் தேவி பால வினோத சங்கீத சபையைத் தொடங்கி, தந்திரக் காட்சிகளுக்கும் ஒழுக்கத்துக்கும் பெயர் வாங்கினார். அங்கே சேர்ந்த எம். என். நம்பியாரின் முதல் மாதச் சம்பளம் 3 ரூபாய். அதில் ஒரு ரூபாயைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டு ரூபாயைத் தாய்க்கு அனுப்பினார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி திருச்சிக்கு வந்தபோது, தாய் தந்தை இருக்கும்போதே தன்னை அநாதை என்று சொல்லிச் சேர்ந்துகொண்ட சிறுவன் வி. சி. கணேசன், அவனுக்குக் கிடைத்த முதல் வேடம் சீதை. அவனே பின்னாளில் சிவாஜி கணேசன். கூத்தாடி என்று இழிவாகப் பேசிய ஊரில், பெற்றோரை மறைத்துவிட்டு ஒரு குழந்தை நாடகத்துக்குப் போனது அந்த மேடையின் ஈர்ப்பு எத்தனை வலியது என்பதைச் சொல்கிறது. அந்தப் பிள்ளை வீட்டைப் பிரிந்து கழித்த ஆண்டுகளின் ஏக்கத்தையும் அதோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளியானதும் பேசும் படம் வந்துவிட்டது. முதலில் நாடகக் கம்பெனிகளுக்கு அது ஆதாயமாகத் தெரிந்தது. நடிக்கவும் பாடவும் தெரிந்த ஆட்கள் அவர்களிடம்தான் இருந்தார்கள். கந்தசாமி முதலியார் வசனம் எழுதிய ‘சதி லீலாவதி’ 1936-இல் வந்தபோது, எம். கே. ராதா, எம். ஜி. ராமச்சந்திரன், டி. எஸ். பாலையா, என். எஸ். கிருஷ்ணன் என்று பழைய மேடைக்காரர்கள் அதில் நிறைந்திருந்தார்கள். ஆனால் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாத் தியேட்டர்களாகின. கம்பெனிகள் முகாம் போட இடமின்றித் தவித்தன. வளர்த்தெடுத்த நடிகன் ஒரு படத்தில் தலை காட்டியதும் திரும்பி வரமாட்டான். பல சபைகள் இந்த அடியில் கலைந்தன. சகோதரர்களின் சபையும் நெருக்கடியைச் சந்தித்தது. ஆனால் அவர்கள் படத்தில் வந்த பணத்தையும் புகழையும் மறுபடி மேடைக்கே கொண்டுவந்தார்கள். ‘குமாஸ்தாவின் பெண்’ அதற்கு உதாரணம். வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலை ஒட்டிய அந்த நாடகம், வரதட்சணையாலும் வறுமையாலும் நசுங்கும் நடுத்தரக் குடும்பத்தைக் காட்டியது. மேடையில் வென்ற பிறகே 1941-இல் படமானது.

சண்முகத்தின் பெயரோடு நிலைத்த வேடம் 1942-இல் வந்தது. பி. எதிராஜுலு நாயுடு எழுதிய ‘ஔவையார்’ நாடகத்தில் முப்பது வயது சண்முகம் தமிழ் மூதாட்டியாக நடித்தார். பெண் வேடத்தில் ஆண் நடிப்பது புதிதல்ல. ஆனால் அதுவரை ஸ்த்ரீபார்ட் என்றால் அழகும் நளினமும்தான். கூன் விழுந்த முதுகு, நடுங்கும் கை, பொக்கை வாய்ப் பேச்சு, அதற்குள் குறையாத கம்பீரம் என்று முதுமையை ஒரு பெரும் ஆளுமையாக அவர் கட்டியெழுப்பினார். ஆறு வயதில் சுவாமிகளிடம் கற்ற வெண்பா ஓசைதான் இங்கே கைகொடுத்தது. அதியமானோடும் சிற்றரசர்களோடும் உரையாடும் கிழவியின் சொல்லில் செய்யுளின் மிடுக்கு தானாக வந்து அமர்ந்தது. பார்த்தவர்கள் நடிகரை மறந்தார்கள். ‘ஔவை’ என்பது பட்டமாகி, பின்பு பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டது. எஸ். எஸ். வாசன் பத்தாண்டு கழித்து அதே கதையைப் பெரும் பொருட்செலவில் படமாக்கி, கே. பி. சுந்தராம்பாளை நடிக்க வைத்தபோதும், மேடையில் ஔவை என்றால் சண்முகம்தான்.

நாற்பதுகள் சபையின் பொற்காலம். ‘சிவலீலா’ மதுரையில் தொடர்ந்து கூட்டம் சேர்த்தது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’, ப. நீலகண்டனின் ‘முள்ளில் ரோஜா’ என்று புதிய எழுத்தாளர்களை மேடை தேடிப் பிடித்தது. 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு ஒன்றைச் சகோதரர்கள் கூட்டினார்கள். நடிகனுக்குச் சமூகத்தில் மதிப்பு வேண்டும், நாடகம் வெறும் கேளிக்கை அல்ல என்பவற்றை வாதிட ஒரு நடிகர் குழுவே மாநாடு கூட்டியது தமிழ்நாட்டுக்குப் புதிது. வெவ்வேறு காலங்களில் கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். ராஜேந்திரன், ஏ. பி. நாகராஜன் போன்றவர்களுக்கு இந்தச் சபை பள்ளியாக இருந்தது. சகஸ்ரநாமம் பின்னாளில் சேவா ஸ்டேஜ் குழுவை நிறுவி, தி. ஜானகிராமன் போன்ற எழுத்தாளர்களை நாடகம் எழுத வைத்தார். சிறுவனாகப் பெண் வேடம் போட்ட நாகராஜன் பெரும் திரைப்பட இயக்குநரானார்.

பாரதியின் எழுத்து பொதுச் சொத்தானதில் சண்முகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1948-இல் சகோதரர்கள் எடுத்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் பாடல் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பாரதி பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை அப்போது ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது, அவர் தரப்பிலிருந்து சட்ட நடவடிக்கை வந்தது. பணம் கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடிய விவகாரம்தான். சண்முகம் அதை நாட்டு மக்களின் கேள்வியாக மாற்றினார்: மக்களுக்காகப் பாடிய கவியின் பாட்டு ஒருவர் உடைமையாக இருக்கலாமா? எழுத்தாளர்கள் திரண்டார்கள், நாரண துரைக்கண்ணன் தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் அமைந்தது. பாரதியின் மனைவி செல்லம்மாளின் இசைவைப் பெற நெல்லைச் சீமைக்குச் சென்ற குழுவில் சண்முகமும் இருந்தார். மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. உலகில் வேறெங்கும் ஒரு கவிஞனின் எழுத்துக்கு இவ்வாறு நேர்வது அபூர்வம். அதைத் தொடங்கி வைத்தவர், முறையான பள்ளிப் படிப்பில்லாத ஒரு நாடகக்காரர் என்பது மறக்கத் தகாதது.

ஐம்பதுகளில் பாய்ஸ் கம்பெனி என்ற அமைப்பு முடிவுக்கு வந்தது. சினிமா ஒரு காரணம். பெண்கள் மேடைக்கு வந்தது இன்னொரு காரணம். சிறுவர்களை வீட்டைவிட்டுப் பிரித்து ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதைச் சமூகம் ஏற்கத் தயங்கியதும், பள்ளிகள் பெருகியதும் சேர்ந்துகொண்டன. கம்பெனி வீட்டில் எல்லோரும் ஒன்றாக வாழ்ந்து ஊர் ஊராகச் செல்லும் முறை போய், நாடகம் உள்ள நாளில் மட்டும் கூடும் குழுக்கள் வந்தன. சகோதரர்களின் டி. கே. எஸ். நாடக சபையும் அப்படி மாறியது. அந்தக் காலத்தில்தான் அது அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தை மேடையேற்றியது. பின்னர் புகழ் பெற்ற இயக்குநர் ஸ்ரீதரின் ‘ரத்தபாசம்’ நாடகமும் இந்த மேடையில்தான் முதலில் வெளிச்சம் கண்டது. கல்கியின் கதைகளும் நாடகமாயின. 1961-இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சண்முகம் சுப்பிரமணிய சிவாவாக நடித்தார். தொழுநோயால் உருக்குலைந்தும் தளராத தேசபக்தனின் வேடம் அது. படத்தில் வ. உ. சி.யாக நடித்த சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான். இருவரும் எதிரெதிரே நின்று பேசும் காட்சிகளில், சொல்லை முழுதாக உச்சரித்து உணர்ச்சியைக் குரலில் ஏற்றும் அந்தப் பழைய பயிற்சியைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

பழைய முறை போனாலும் சிறுவர்களை மேடைக்குப் பழக்குவதைச் சண்முகம் விடவில்லை. அறுபதுகளில் அவருடைய சபை ‘அப்பாவின் ஆசை’ என்ற சிறுவர் நாடகத்தை நடத்தியது. 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’ படத்தில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான கமல்ஹாசன், படங்களில் வேடம் குறைந்திருந்த பருவத்தில் இந்தச் சபையில் சேர்ந்து அந்த நாடகத்தில் நடித்தார். குழந்தை நடிகனுக்கும் வளர்ந்த நடிகனுக்கும் இடைப்பட்ட வெற்று ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பது பாய்ஸ் கம்பெனிக் காலத்தின் பழைய சிக்கல். தாமே அதைக் கடந்து வந்தவரிடம் ஒரு சிறுவன் போய்ச் சேர்ந்தது அவனுக்கு வாய்த்த நல்லூழ். சண்முகத்தைத் தம் ஆசான் என்று கமல்ஹாசன் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். 1996-இல் தாம் கிழவி வேடமிட்டு நடித்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தது அந்த ஆசானை நினைத்துத்தான்.

சண்முகம் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1971-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் நாடக வரலாற்றை ஆராய்வோர் அவருக்குக் கடன்பட்டிருப்பது அவருடைய எழுத்துக்காக. சுவாமிகளைப் பற்றி ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்ற நூலை எழுதினார். 1972-இல் ‘எனது நாடக வாழ்க்கை’ வெளிவந்தது. எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் என்ன நாடகம் நடந்தது, யார் என்ன வேடம் போட்டார், எந்தப் பையன் எப்போது வந்தான், ஏன் போனான், எந்த முகாமில் வசூல் படுத்தது என்று நாட்குறிப்புபோல விரியும் நூல் அது. கம்பெனியின் புகழை மட்டும் சொல்லாமல் பட்டினியையும் கடனையும் பிரிவையும் சொல்கிறது. புகழ் பெறாத நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் சமையற்காரரையும் பெயரோடு குறித்து வைக்கிறது. பாய்ஸ் கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் காப்பாற்றி வைத்தவை அல்ல. அந்தத் தொழிலில் உழைத்த பிள்ளைகள் பலருக்கு இந்த நூலே எஞ்சியிருக்கும் ஒரே பதிவு.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1973 பிப்ரவரி 15 அன்று, சண்முகம் காலமானார். சென்னையின் லாயிட்ஸ் சாலைக்குப் பின்னர் ஔவை சண்முகம் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. அவர் மறைந்த சில வாரங்களில், 1973 மார்ச் இறுதியில், ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகத் திரைக்கு வந்தது. அவர் சபை வளர்த்த அரு. ராமநாதனின் நாடகமே அதற்கு மூலம். இயக்கியவர் அந்தச் சபையில் சிறுவனாக இருந்த ஏ. பி. நாகராஜன், சோழனாக நடித்தவர் சிறுவனாகச் சீதை வேடத்தில் மேடையேறிய சிவாஜி கணேசன்.